கழற்றிய பாகத்தைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்: ஒரு பழைய பத்மினியோடு நான் பட்ட பாடு

பழைய காரிலிருந்து பழுதாகிக் கழற்றப்பட்ட பாகத்தை ஒர்க்‌ஷாப்பிலேயே விட்டுவிட்டு வரக்கூடாது என்று எனக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால், இருபத்தைந்தாயிரம் ரூபாய் அளவுக்குப் பணமும் ஒரு மழைக்காலம் முழுவதும் அலைந்த அலைச்சலும் மிச்சமாகியிருக்கும். சொல்ல ஆள் இல்லை. எங்கள் மாவட்டத்தில் பத்மினி வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் எப்போதோ விற்றுவிட்டார்கள். அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக்குகளில் பலர் பட்டறையை மூடிவிட்டார்கள். இப்போது வேலை செய்கிற இளைஞர்களுக்கோ அது தாத்தா காலத்து வண்டி. ஆகவே நான் பட்டதை வரிசையாக எழுதி வைக்கிறேன். அம்பாசிடரோ ஸ்டாண்டர்டு ஹெரால்டோ பழைய ஜீப்போ வைத்திருப்பவர்களுக்கும் இதில் பாதியாவது பொருந்தும்.

வண்டி என் அப்பா 1986இல் வாங்கிய பிரீமியர் பத்மினி. அன்று முதல் தக்கலையில் எங்கள் வீட்டில்தான் நிற்கிறது. 1089 சிசி பெட்ரோல் எஞ்சின், ஸ்டீயரிங் தண்டோடு சேர்ந்த கியர், நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் என்று எல்லாமே எளிய அமைப்பு. கையில் ஸ்பேனர் இருந்தால் பாதி வேலையை வீட்டிலேயே செய்துவிடலாம். மும்பையில் இருந்த தொழிற்சாலை 2000ஆம் ஆண்டை ஒட்டி இந்த வண்டியைச் செய்வதை நிறுத்திய பிறகும் உதிரிபாகத்துக்கு உடனே பஞ்சம் வந்துவிடவில்லை. அதற்குக் காரணம் மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்சிகள். தினமும் ஓடித் தேய்கிற வண்டிகள் ஆயிரக்கணக்கில் இருந்ததால், அவற்றுக்காகவே பலர் கப்பும் புஷ்ஷும் பம்ப்பும் செய்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அங்கே டாக்சிகளுக்கு 20 ஆண்டு வயது வரம்பு உண்டு. கடைசியாக 2003 அக்டோபர் 29 அன்று பதிவான பத்மினி டாக்சி 2023 அக்டோபரோடு ஓட்டத்தை முடித்துக்கொண்டது. வாங்குபவர் இல்லாத பாகத்தை யார் செய்வார்கள்? இப்போது சந்தையில் இருப்பவை பழைய இருப்பில் மிஞ்சியவையும், பழைய இருப்பு என்ற பெயரில் விற்கப்படுபவையும்தான். இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரியாத நிலையில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

தொடக்கம் சிறிய அறிகுறிதான். தக்கலை சந்திப்பில் பேருந்துக்குப் பின்னால் பிரேக்கை மிதித்தபடி நிற்கும்போது, கால் அசையாமல் இருந்தும் பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. கீழே குனிந்து பார்த்தால் எந்தச் சக்கரத்திலும் ஒழுகல் இல்லை, பிரேக் ஆயிலின் அளவும் குறையவில்லை. வெளியே ஒழுகாமல் பெடல் இறங்கினால் பழுது பெரும்பாலும், மிதிக்கும்போது ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டருக்குள்தான். உள்ளே இருக்கும் ரப்பர் கப் தேய்ந்தோ, சிலிண்டரின் உட்சுவர் அரித்தோ, அழுத்தம் பின்பக்கமாக நழுவிவிடுகிறது. நாகர்கோவிலில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டேன். பிரித்துப் பார்த்தவர்கள் உள்ளே குழிக்குழியாக அரித்திருப்பதாகவும், கப் மாற்றினால் நிற்காது என்றும், முழு செட் வாங்கி வரச் சொல்லியும் அனுப்பினார்கள். அரிப்பு வந்ததில் வியப்பில்லை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஆனி ஆடியில் ஒரு மழையும் ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழையும் பெய்கிற எங்கள் ஊரில் அது இன்னும் வேகமாக நடக்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை முழுவதும் இறக்கிவிட்டுப் புதிதாக ஊற்றினால் இந்தச் செலவு வெகுகாலம் தள்ளிப்போகும்.

முழு செட்டை இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் 5,200 ரூபாய்க்கு வாங்கினேன். பழைய நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட அட்டைப்பெட்டி, மெழுகுத்தாள் சுற்று, மேலே பூசிய எண்ணெய் என்று எல்லாம் நம்பும்படியாகவே இருந்தது. திருப்பி எடுத்துக்கொள்ளும் பேச்சு கிடையாது. பூட்டிப் பார்த்தபோது பெடல் கல்லைப் போல் நின்றது. முழு பலத்தோடு மிதித்தால்தான் வண்டி நின்றது. பிறகு வெர்னியர் வைத்து அளந்ததில், சிலிண்டருக்குள் நகர்ந்து ஆயிலைத் தள்ளுகிற பிஸ்டனின் விட்டம் கூடுதல் என்று தெரிந்தது. பார்வைக்குச் சிறிய வேறுபாடுதான், ஆனால் பிரேக்கில் கணக்கு பரப்பளவில் வருகிறது. உதாரணத்துக்கு 19 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 22 மில்லிமீட்டர் வந்தால் பரப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். அதே கால்பலத்துக்குக் கிடைக்கும் அழுத்தம் கால் பங்கு குறைந்துவிடும். வேறு ஏதோ வண்டியின் சிலிண்டரைப் பத்மினி பெட்டிக்குள் போட்டு விற்றிருக்கிறார்கள். ஆகவே பணம் அனுப்புவதற்கு முன், பாகத்தின் மேல் வெர்னியரை வைத்து, எண் தெளிவாகத் தெரியும்படி எடுத்த படத்தைக் கேளுங்கள். வெறும் பெட்டியின் படத்தை அனுப்பிக்கொண்டே இருப்பவரிடம் வாங்க வேண்டாம்.

சரி, பழையதையே சரிசெய்து பூட்டலாம் என்று ஒர்க்‌ஷாப்பில் கேட்டபோதுதான், அது ஆக்கர்க் கடைக்கு, அதாவது பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது என்றார்கள். வாரக் கடைசியில் சேர்ந்த இரும்போடு சேர்த்து எடைக்குப் போட்டிருக்கிறார்கள். அவர்கள் வேண்டுமென்று செய்யவில்லை. இன்றைய வண்டிகளில் பழுதான பாகம் யாருக்கும் வேண்டாத பொருள், அதே பழக்கத்தில் செய்துவிட்டார்கள். ஆனால் எனக்கு வயிறு எரிந்தது. நாற்பது ஆண்டு அந்த வண்டியோடு இருந்த, அளவிலும் துளையிலும் குழாய் பொருந்தும் இடத்திலும் கொஞ்சமும் ஐயம் இல்லாத ஒரே பாகம் கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று போய்விட்டது. அந்த ஆக்கர்க் கடைக்கும் போய்க் குவியலைக் கிளறிப் பார்த்தேன். லாரி ஏற்றிவிட்டதாகச் சொன்னார்கள்.

மழை பிடித்துக்கொண்டது. வண்டி ஒர்க்‌ஷாப்பின் தகரக் கொட்டகை ஓரத்தில் நனைந்துகொண்டு நின்றது. வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் விற்றுவிடச் சொன்னார்கள். ஒரு புரோக்கர் தானாகவே தொலைபேசியில் அழைத்து, ஓடாத வண்டிக்கு இதற்கு மேல் யாரும் தரமாட்டார்கள் என்று ஒரு தொகை சொன்னார்; அதைக் கேட்டதில் அன்று இரவு தூக்கம் வரவில்லை. வண்டியின் மேல் பாசம் என்று சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் யாரிடமும் அதிகம் பேசவும் முடியவில்லை. நாகர்கோவிலில் ரயிலேறி, பழைய வண்டிகளின் உதிரிபாகம் விற்கிற சென்னை புதுப்பேட்டைக்குப் போனேன். போக்குவரத்தும் தங்கும் செலவுமாக 6,500 ரூபாய். கதவு, பானெட், பம்பர், விளக்கு வளையம் போன்றவற்றுக்கு அந்தத் தெரு நல்ல இடம். ஆனால் ரப்பரும் எண்ணெயும் சேர்ந்து வேலை செய்கிற பாகத்தைப் பழைய குவியலில் எடுத்தால் நல்ல நிலையில் கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. எனக்குக் கிடைத்தது என்னுடையதைப் போலவே உள்ளே அரித்த ஒரு மாஸ்டர் சிலிண்டர். அதற்கு 3,000 கேட்டார்கள், கொடுத்தேன். அளவு சரியாக இருந்தது, உடலில் விரிசல் இல்லை; எனக்கு வேண்டியது அதுதான்.

அரித்த சிலிண்டரைத் திரும்பவும் பயன்படுத்த வழி உண்டு. உட்சுவரை லேத்தில் சற்றுப் பெரிதாகக் கடைந்து, பித்தளையிலோ துருப்பிடிக்காத எஃகிலோ ஒரு குழாயை இறுக்கமாகச் செலுத்தி, பழைய உள்விட்டத்துக்கே திரும்பக் கடைந்து வழவழப்பாக்குவார்கள். ஸ்லீவ் போடுவது என்பார்கள். நன்றாகச் செய்தால் புதிய சிலிண்டரை விட நீண்ட நாள் உழைக்கும், ஏனென்றால் வார்ப்பிரும்பு துருவேறும், அந்தக் குழாய் துருவேறாது. பக்கத்தில் இருந்த ஒரு லேத்தில் 1,800 ரூபாய்க்குச் செய்து கொடுத்தார்கள். கடைசல் பார்க்க அழகாக இருந்தது. ஒர்க்‌ஷாப்பில் பூட்டி, பிரேக் குழாய்களில் சிக்கிய காற்றை வெளியே எடுத்து, தெருவில் ஓட்டிப் பார்த்தோம். பெடல் நினைத்த உயரத்தில் நின்றது. மகிழ்ச்சியோடு தக்கலைக்குப் புறப்பட்டேன்.

பார்வதிபுரம் தாண்டியதும் வண்டி கொஞ்சம் கனமாகத் தோன்றியது. மழைத்தண்ணீர் தேங்கிய சாலை என்பதால் அப்படி இருக்கலாம் என்று நினைத்தேன். சுங்கான்கடையில் மூன்றாம் கியரில் ஏற வேண்டிய இடத்தில் இரண்டாம் கியர் கேட்டது. தோட்டியோட்டில் கண்ணாடியை இறக்கியபோது, கருகிய ரப்பரும் சூடான இரும்பும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. வில்லுக்குறியில் ஓரம்கட்டி இறங்கினால், நான்கு சக்கரங்களிலும் மழைத்துளி விழுந்து ஸ்ஸ் என்று ஆவியாகிறது. முன் டிரம்மிலிருந்து புகை வருகிறது. பெடலைத் தொட்டால் அசையவில்லை. ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கினால் கையால் சுற்ற முடியவில்லை. நான் பிரேக்கை மிதிக்காமலேயே பிரேக் பிடித்திருந்தது. பக்கத்தில் டயர் கடை வைத்திருந்த பெரியவர் வந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, மாஸ்டர்ல ஆயில் திரும்பிப் போகல. நட்ட கொஞ்சம் இளக்கி விடுங்க, சூடு ஆறட்டும், கிட்ட நிக்காதீங்க" என்றார். மாஸ்டர் சிலிண்டரிலிருந்து புறப்படும் குழாயின் நட்டை அரைச்சுற்று இளக்கியதும் ஆயில் சீறிக்கொண்டு வெளியேறியது; சக்கரங்கள் ஒவ்வொன்றாக விடுபட்டன. சாலையில் இப்படிப் பிரேக் பிடித்துக்கொண்டால் செய்யக்கூடியது இதுதான், ஆனால் நட்டைத் திரும்ப இறுக்கி, ஆயில் ஊற்றி, காற்றெடுக்காமல் அந்த வண்டியை ஓட்டக் கூடாது. நான் 2,800 ரூபாய் கொடுத்து ரெக்கவரி வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். டிரம் சூட்டில் நான்கு சக்கரத்துக் கப்புகளும் பிரேக் லைனிங்கும் போயின, அதற்கு 5,500.

காரணத்தைப் பிறகு நாகர்கோவிலில் வயதான ஒரு லேத் அண்ணாச்சி காட்டினார். மாஸ்டர் சிலிண்டரின் மேற்புறத்தில், ஆயில் தொட்டிக்கும் சிலிண்டருக்கும் இடையே இரண்டு துளைகள் உண்டு. ஒன்று கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் பெரியது. மற்றொன்று ஊசிமுனை நுழையும் அளவே உள்ள, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த துளை. பெடல் முழுவதும் மேலே வந்த நிலையில் கப்பின் விளிம்புக்குச் சற்று முன்னால் அது இருக்கும். காலை எடுத்ததும் குழாய்களில் மிஞ்சிய ஆயிலும், சூட்டில் விரிவடைகிற ஆயிலும் தொட்டிக்குத் திரும்புவது அந்தச் சிறு துளை வழியாகத்தான். முதல் லேத்தில் போட்ட ஸ்லீவ் அந்தத் துளையை உள்ளேயிருந்து மூடிவிட்டது. பெரிய துளையை மட்டும் திரும்பத் துளைத்திருக்கிறார்கள். ஆயில் திரும்ப வழியில்லாததால் பிரேக் லேசாக உரசி, உரசியதில் சூடேறி, சூட்டில் ஆயில் விரிந்து, இன்னும் இறுக்கமாகப் பிடித்திருக்கிறது. அண்ணாச்சி பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, மெல்லிய துளையூசியைக் கையாலேயே உருட்டித் துளைத்து, உள்ளே எழும்பிய பிசிறை மரக்குச்சியில் சுற்றிய மெல்லிய உப்புத்தாளால் நீக்கினார். பிசிறு இருந்தால் கப்பின் விளிம்பு அறுந்துவிடும். அவர் 2,500 வாங்கினார். அதில் பாதி அந்தத் துளைக்குத்தான் என்றால் தகும்.

இந்தத் துளை திறந்திருக்கிறதா என்பதை வீட்டிலேயே சோதிக்கலாம். ஆயில் தொட்டியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே ஒருவரை உட்காரவைத்துப் பெடலை மெல்ல ஒரு அங்குலம் மட்டும் தொடச் சொல்லுங்கள். தொட்ட அந்தக் கணத்தில் தொட்டிக்குள் ஆயில் சின்ன ஊற்றாகப் பொங்கினால் துளை சரி. எதுவும் அசையாவிட்டால் வண்டியைத் தெருவுக்கே எடுக்கக் கூடாது. முகத்தைத் தொட்டிக்கு நேராக வைக்காதீர்கள், ஆயில் கண்ணில் பட்டால் எரியும், பெயின்ட்டில் பட்டால் பெயின்ட்டைத் தின்றுவிடும். பெடலுக்கும் பிஸ்டனுக்கும் இடையே உள்ள கம்பியில் ஒரு மில்லிமீட்டர் அளவு இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் பிஸ்டன் முழுவதும் பின்னால் வராமல், நன்றாக இருக்கிற துளையையும் கப்பே மூடிக்கொள்ளும்.

அதன் பிறகு என் வண்டியிலிருந்து எது கழன்றாலும் வீட்டுக்கு வந்துவிடும். வேலைக்குக் கொடுக்கும் முன்பே, பழைய பாகங்களை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள், நான் எடுத்துக்கொள்வேன் என்று சொல்லி, வேலைச் சீட்டிலும் எழுதச் சொல்கிறேன். வெளியூருக்கு அனுப்ப வேண்டிய பாகத்தில், வெளியே தெரியாத மூலையில் சென்டர் பஞ்சால் மூன்று புள்ளி வைத்துவிடுவேன். திரும்பி வருவது என்னுடையதுதானா என்று அதிலிருந்து தெரிந்துவிடும். அனுப்பும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்து, விட்டங்களை அளந்து ஒரு நோட்டில் வரைந்துகொள்கிறேன். ஃபியட் வடிவமைப்பு என்பதால் பத்மினியில் மரைகள் மெட்ரிக் அளவில் இருக்கின்றன. ஆகவே போல்ட்டும் நட்டும் சாதாரணக் கடையில் கிடைக்கும். மோரிஸிலிருந்து வந்த அம்பாசிடரில் அங்குல மரைகள், அவற்றில் மெட்ரிக் போல்ட்டைத் திணித்தால் மரை கெட்டுப்போகும்.

கார் பெயரைச் சொல்லித் தேடாமல் எண்ணைச் சொல்லித் தேடுகிற பழக்கமும் வேண்டும். கார் ஸ்பேர் கடைகளில் பத்மினிக்கு பேரிங் இல்லை என்று கை விரிப்பார்கள். ஆனால் பேரிங்கின் வளையத்தில் எண் பொறித்திருக்கும். 6203 என்றால் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர், அது எந்த இயந்திரத்தில் இருந்தாலும் அதே அளவுதான். மோட்டாருக்கும் பம்ப்செட்டுக்கும் பேரிங் விற்கிற கடையில் அந்த எண்ணைக் கொடுத்தால் எடுத்து நீட்டிவிடுவார்கள். ஆயில் சீலுக்கும் அப்படியே மூன்று அளவு போதும். ஃபேன் பெல்ட்டும் எண்ணைச் சொன்னால் கிடைத்துவிடும். பழைய பாகம் கையில் இருக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகவும்தான். எண் அதில்தான் இருக்கிறது.

ரப்பர் பாகங்களில் எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வசதியும் ஒரு ஆபத்தும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் ரப்பர் பெரும்பாலும் விளைவது குமரி மாவட்டத்தில்தான். குலசேகரம், கீரிப்பாறை பக்கம் போனால் வழியெல்லாம் ரப்பர் தோட்டம். அச்சு செய்து ரப்பர் வார்த்துக் கொடுக்கிற ஆட்களையும் விசாரித்தால் பிடித்துவிடலாம். பழைய எஞ்சின் மவுண்டிங்கை மாதிரியாகக் கொடுத்து, அதே இரும்புத் தகட்டில் புது ரப்பர் ஏற்றி வாங்கினேன். வண்டியின் நடுக்கம் குறைந்துவிட்டது. அதிர்வைத் தாங்குவதில் இயற்கை ரப்பருக்கு நிகர் இல்லை. ஆனால் அதே ஆள், அதே ரப்பரில் பெட்ரோல் பம்ப்பின் டயாஃப்ரம் என்கிற சவ்வையும் வெட்டித் தருகிறேன் என்று சொன்னபோது வேண்டாம் என்றேன். இயற்கை ரப்பர் பெட்ரோலிலும் மினரல் ஆயிலிலும் ஊறினால் அப்பளம் போல உப்பிவிடும். பெட்ரோல் படுகிற இடத்துக்கு நைட்ரைல் என்கிற செயற்கை ரப்பர் வேண்டும். அதுவும் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வருவதால், கடைகளில் வைட்டான் என்று சொல்லும் ஃப்ளூரோ ரப்பராகக் கிடைத்தால் இன்னும் நல்லது. டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் கலக்கும்; ஆயில் அளவு பார்க்கிற டிப்ஸ்டிக்கை முகர்ந்து பார்ப்பதை நான் வாரக் கடமையாக வைத்திருக்கிறேன். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், அதனால் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கார்பரேட்டரைக் காலிசெய்துவிடுங்கள், இல்லையென்றால் உள்ளே வெள்ளை மாவு போலப் பூத்து, பெட்ரோல் வருகிற ஜெட் துளைகள் அடைத்துக்கொள்ளும். பிரேக் கப்புகளிலும் கவனம் வேண்டும்: அவற்றைக் கழுவப் பெட்ரோலோ டீசலோ மண்ணெண்ணெயோ கூடவே கூடாது. புதிய பிரேக் ஆயிலில் கழுவுங்கள். கிரீஸ் பட்ட கையால்கூடத் தொடாமல் இருப்பது நல்லது.

சேர்த்த பாகங்களை வைத்துக் காப்பது தனி வேலை. கடல் எங்கள் வீட்டிலிருந்து தொலைவில்தான், ஆனாலும் உப்புக்காற்று வருகிறது என்பதைச் சன்னல் கம்பியைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். முதலில் எல்லாவற்றையும் எண்ணெய் பூசிப் பாலித்தீன் பையில் கட்டி வைத்திருந்தேன். மழைக்காலம் முடிந்து திறந்தால் பைக்குள் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது; சக்கரத்தில் பிரேக்கை இயக்குகிற வீல் சிலிண்டர் ஒன்றின் உள்ளே செம்பழுப்பாகத் துரு படர்ந்திருந்தது. உள்ளே போன ஈரத்துக்கு வெளியேற வழியில்லாமல் போய்விடுகிறது. இப்போது வெயில் காய்கிற மாசி பங்குனியில், பாகத்தை நன்றாகக் காயவைத்து, கிரீஸ் மெல்லியதாகப் பூசி, துருத்தடுப்புக் காகிதத்தில் சுற்றி, காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு அடைக்கிறேன். செய்தித்தாளில் சுற்றாதீர்கள், அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். சிலிக்கா ஜெல்லில் நிறம் மாறுகிற வகையை வாங்கினால், நீலம் வெளிறி இளஞ்சிவப்பானதும் எடுத்து வாணலியில் மிதமான சூட்டில் வறுத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். டப்பாக்கள் தரையில் இருக்கக் கூடாது, சிமென்ட் தரையிலிருந்து ஈரம் ஏறும். மரப்பலகை அலமாரி போதும். ஹெட் கேஸ்கட்டைச் சுருட்டவோ ஆணியில் தொங்கவிடவோ கூடாது, இரண்டு அட்டைகளுக்கு நடுவில் படுக்கையாக வையுங்கள். ரப்பர் பொருள்களுக்கு எண்ணெய் ஆகாது. முகப்பவுடரில் புரட்டி, இழுபடாமல், மடங்காமல், வெளிச்சம் படாத டப்பாவில் வைக்க வேண்டும். மோட்டார் ஓடுகிற அறையில் ரப்பரை வைக்காதீர்கள், அங்கே உண்டாகும் ஓசோனால் ரப்பரில் வெடிப்பு விழுந்துவிடும். பிரேக் கப்பை அளவுக்கு மீறி வாங்கிச் சேர்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பயன்படுத்தாமலேயே முதுமை வருகிற பொருள் அது. மாறாக, ஸ்லீவ் போட்ட சிலிண்டர், கடைந்த ஷாஃப்ட், வார்ப்பிரும்பு உடல் போன்றவற்றை எவ்வளவு சேர்த்தாலும் வீண் போகாது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால், ஒர்க்‌ஷாப் கூலி 4,000 சேர்த்து மொத்தம் 31,300 ரூபாய். ஒர்க்‌ஷாப்பிலிருந்து பழைய சிலிண்டரை வாங்கி, நேராக அந்த அண்ணாச்சியிடம் போயிருந்தால், ஸ்லீவும் கப்பும் சேர்த்து மூன்றாயிரத்தை ஒட்டியே ஆகியிருக்கும், பூட்டுகிற கூலி தனி. இந்த எண்களை வீட்டில் இதுவரை சேர்த்துச் சொன்னதில்லை, தனித்தனியாகச் சொன்னதுண்டு.

அந்த அண்ணாச்சிக்குப் பிள்ளைகள் இருவரும் வளைகுடாவில் இருக்கிறார்கள், லேத்தில் அவருக்குப் பின் நிற்க ஆள் இல்லை. கண் தெரிகிற வரைக்கும் செய்வேன், அதுக்கப்புறம் இந்த மெஷினும் ஆக்கர்தான் என்று சிரித்தபடி சொன்னார். அதனால் பழுது வரும்வரை காத்திருக்காமல், முடிந்தபோதெல்லாம் ஒரு பாகமாக அவரிடம் கொடுத்து வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறேன். வீல் சிலிண்டர் ஒரு செட் முடிந்துவிட்டது. அடுத்தது வாட்டர் பம்ப். என்னுடைய பம்ப் ஓடிக்கொண்டிருப்பதால் அதைக் கழற்றாமல், மாதிரிக்கு இன்னொரு பத்மினி பம்ப் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். உள்ளே ஷாஃப்ட் ஒடிந்திருந்தாலும் பரவாயில்லை, உடல் முழுசாக இருந்தால் போதும். மார்த்தாண்டம், கருங்கல், திங்கள்சந்தை பக்கம் யார் வீட்டுப் பின்புறத்திலாவது கிடந்தால், இரும்பு விலைக்குப் போடுமுன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.